கறள் பிடித்த கோடாலிக்கு ஒரு புதுப் பிடி

2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கிளிநொச்சி மாவட்டத்தின் ஒரு கிராமத்துக்கு அப்போதுதான் திரும்பி வந்திருந்த ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தேன். வீடு எரிந்து போயிருந்தது. இரண்டு சுவர்கள் மட்டும் நின்றன. முகாமிலிருந்து கொண்டுவந்த தறப்பாளைக் கட்டி, அதன் கீழ் அடுப்பு மூட்டியிருந்தார்கள். கண்ணிவெடி அகற்றுவோர் பார்த்து முடித்துக் கையளித்த வளவுதான் என்றாலும், கிணற்றடிவரை நாயுண்ணிப் பற்றை மூடிக் கிடந்தது. இரவல் வாங்கிய காட்டுக்கத்தியால் பற்றையை வெட்டிக்கொண்டிருந்த மூத்த மகன், சாம்பலும் உடைந்த ஓடும் கலந்த மண்ணுக்குள்ளிருந்து கறள் ஏறிய இரும்பொன்றை எடுத்தான்.

பழைய இரும்பு வாங்கும் லொறிகள் ஊரூராக வந்துபோன காலம் அது. வளைந்த கூரைத் தகரம், சைக்கிள் சட்டம், தண்ணீர்க் குழாய் என்று கிலோக் கணக்கில் நிறுத்து வாங்கிப் போனார்கள். மகன் அந்த இரும்பையும் சாக்குக்குள் போட்டான். அடுப்படியில் இருந்த தாய் எழுந்து வந்தார்.

"அதை விக்காத ராசா. அது அப்பான்ர கோடாலியெல்லோ."

தகப்பன் அந்தக் குடும்பத்தோடு திரும்பி வரவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. மகன் கோடாலித் தலையைச் சாக்கிலிருந்து எடுத்துச் சுவரோரம் வைத்தான். "இதால இனி என்னம்மா செய்யிறது? பிடியும் இல்லை, வாயும் போட்டுது" என்றான்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. இடம்பெயர்ந்து திரும்பிய எத்தனையோ வளவுகளில், இன்னும் திரும்பமுடியாமல் உறவினர் காணியில் இருப்போரின் கொட்டில்களில், இப்படிப் பிடியில்லாத கோடாலித் தலைகள் கிடக்கின்றன. அவற்றில் பல இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக் கூடியவை. அவற்றைத் திருத்துவதற்குப் பணத்தைவிடப் பொறுமையும் சில விபரங்களும்தான் தேவை. அந்தக் குடும்பத்தின் கோடாலி எப்படி மீண்டும் வேலைக்கு வந்தது என்பதைச் சொல்லிக்கொண்டே அந்த விபரங்களையும் சொல்லுகிறேன்.

தலையை முதலில் பாருங்கள்

கோடாலித் தலையில் மூன்று பகுதிகள் உண்டு. வெட்டும் ஓரம் வாய். பிடி நுழையும் துளை கண். வாய்க்கு எதிர்ப்பக்கம் உள்ள தடித்த பகுதி முதுகு. ஒரு தலையைத் திருத்தலாமா, எறியலாமா என்பதை இந்த மூன்றையும் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

கண்ணின் சுவரில் வெடிப்பு இருந்தால் அந்தத் தலையில் நேரத்தைச் செலவிடவேண்டாம். வெட்டும்போது வெடிப்பு விரிந்து தலை இரண்டாகலாம். தலையைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறிய இரும்பால் தட்டிப் பாருங்கள். நல்ல தலை மணிபோல ஒலிக்கும். வெடித்தது மொத்தையான சத்தம் தரும். மேற்பரப்பில் உள்ள கறளும் சிறு குழிகளும் குற்றமல்ல. வாயின் ஓரத்திலேயே ஆழமான குழிகள் இருந்தால் மட்டும், அவை மறையும்வரை அராவவேண்டி வரும்.

முதுகு காளான்போலப் பிதுங்கி விளிம்பு மடிந்திருந்தால், யாரோ அதைச் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள், அல்லது அதையே சுத்தியலாகப் பாவித்திருக்கிறார்கள் என்பது பொருள். மடிந்த விளிம்பை அரத்தால் எடுத்துவிடுங்கள். அப்படியே விட்டால் அடுத்த அடியில் ஒரு சில்லுத் தெறித்துக் கண்ணில் படலாம்.

பழைய கோடாலிகள் பலவற்றில் உடம்பு மெல்லிரும்பு; வாயில் மட்டும் உருக்குத் துண்டு வைத்து அடித்து ஒட்டியிருப்பார்கள். கறளை நீக்கியதும், வாயிலிருந்து சற்று உள்ளே ஒரு மங்கலான கோடு தெரியும். அந்தக் கோட்டுக்கு வெளியே உள்ளதுதான் வெட்டும் பகுதி. அது அரைவாசி மிஞ்சியிருந்தாலும் அந்தக் கோடாலிக்கு உயிர் இருக்கிறது. கோடுவரை தேய்ந்து போயிருந்தால், கொல்லரிடம் கொடுத்துப் புதிதாக உருக்கு வைத்து அடிக்கவேண்டும். பழைய லொறியின் வில்லுத்தகட்டுத் துண்டு அதற்குப் போதும்.

பழைய பிடியும் கறளும்

கண்ணுக்குள் உடைந்த பிடியின் மிச்சம் இருந்தால் பலர் செய்வது, தலையை அப்படியே அடுப்புக்குள் போட்டு மரத்தை எரிப்பதுதான். இதனால் கெட்டுப்போன கோடாலிகள் ஏராளம். நெருப்பு மரத்தை எரிப்பதோடு நில்லாமல் வாயிலுள்ள உருக்கின் கடினத்தையும் எடுத்துவிடும். மரத்தைக் கண்ணோடு ஒட்ட அறுத்துவிட்டு, மிச்சத்தை உளியாலும் தடித்த ஆணியாலும் கொத்தி எடுங்கள். கண்ணின் அகன்ற பக்கத்தால் வெளியே வருமாறு அடிக்கவேண்டும். வேறு வழியில்லாமல் எரிக்கத்தான் வேண்டுமென்றால், வாய்ப் பகுதியை ஈரமண்ணுக்குள் நன்றாகப் புதைத்து, கண் மட்டும் வெளியே தெரியச் சிறு நெருப்பு வையுங்கள்.

கறளுக்கு முதலில் மண்ணெண்ணெய் பூசி ஓரிரவு விடுங்கள். பிறகு செங்கட்டித் தூளைத் தேங்காய்ப் பொச்சில் தொட்டு அழுத்தித் தேய்த்தால் பெரும்பகுதி போய்விடும். பிடிவாதமான கறளுக்கு, புளி கரைத்த தண்ணீரில் அல்லது விநாகிரியில் ஓரிரவு ஊறவிடலாம். நாட்கணக்கில் விடவேண்டாம், புளிப்பு நல்ல இரும்பையும் தின்னும். எடுத்ததும் சாம்பல் கரைத்த தண்ணீரால் கழுவி, வெயிலில் காயவைத்து, தேங்காய் எண்ணெய் பூசிவிடுங்கள். கழுவாமல் வைத்தால் அடுத்த நாளே புதுக் கறள் பூத்துவிடும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. போர் நடந்த நிலத்தில் கிடக்கும் எல்லா இரும்பும் கோடாலியல்ல. எதுவென்று தெரியாத இரும்பைத் தட்டவோ, தேய்க்கவோ, நெருப்பில் போடவோ கூடாது. வெடித்ததா வெடிக்காததா என்று பார்வையால் சொல்லமுடியாது. எறிகணைக் கோதைப் பட்டறைக் கல்லாகவோ அடுப்புக் கல்லாகவோ பாவிக்கவேண்டாம். கண்டால் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும்.

எரிந்த வீட்டுக் கோடாலி

நான் பார்த்த அந்தத் தலையில் கண் நல்லாயிருந்தது. முதுகும் நல்லாயிருந்தது. உருக்கும் முக்கால்வாசி மிஞ்சியிருந்தது. ஆனால் அரம் வைத்தபோது வாய் மெல்லிரும்புபோல இலகுவாக அராவுப்பட்டது. அடுத்த கிழமை அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒரு வயோதிபக் கொல்லரிடம் போனோம். அவரும் இடம்பெயர்ந்து திரும்பியவர்தான். துருத்தி போய்விட்டது, சைக்கிள் சக்கரத்தால் சுழலும் ஒரு காற்றாடியைச் செய்துவைத்திருந்தார். பட்டறைக் கல்லுக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு.

தலையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"தம்பி, இது கிடந்த வீடு எரிஞ்சதோ?"

"ஓம் ஐயா."

"அப்ப தோய்ச்சல் போயிருக்கும். இரும்பில பிழையில்லை. விட்டிட்டுப் போங்கோ, பின்னேரம் வாங்கோ."

இது நமது பகுதிகளில் முக்கியமாக அறியவேண்டிய விடயம். உருக்கைச் செஞ்சூடாக்கிச் சட்டென்று குளிர்விப்பதால்தான் அது கடினமாகிறது. இதைத்தான் தோய்ச்சல் என்கிறோம். வீடு எரிந்து, தணல் மெதுவாக ஆறும்போது, அதற்குள் கிடந்த கோடாலி, கத்தி, உளி எல்லாம் செஞ்சூடேறி மெதுவாகவே ஆறுகின்றன. அதனால் அவற்றின் கடினம் போய்விடும். வடிவம் அப்படியே இருக்கும். ஆனால் இரண்டு வெட்டில் வாய் மடிந்துவிடும். "பழைய இரும்பு சரிவராது" என்று எறிந்துவிடுவோம். உண்மையில் போனது தோய்ச்சல் மட்டுமே. அதைத் திரும்ப ஏற்றலாம்.

பார்க்கும் முறை எளிது. நல்ல அரத்தின் ஓரத்தை வாயில் வைத்து இழுங்கள். அரம் பிடிக்காமல் வழுக்கினால் கடினம் கூடிவிட்டது. வாய் சில்லுச் சில்லாக உடையலாம். தடையின்றிக் கடித்தால் தோய்ச்சல் போய்விட்டது. சற்று அழுத்தினால் மட்டும் கடித்தால் சரியான பதம்.

கொல்லர் சிரட்டைக்கரித் தணலில் வாய்ப் பகுதியை மட்டும் சூடாக்கினார். காந்தம் ஒட்டாத அளவு செஞ்சூடு ஏறியதும் எடுத்துத் தண்ணீரில் தோய்த்தார். இந்த நிலையில் உருக்கு கண்ணாடிபோல உடையும் தன்மையில் இருக்கும். எனவே வாயின் ஒரு பக்கத்தைக் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகுப் பக்கத்திலிருந்து மெதுவாகச் சூடு ஏறவிட்டார். பளபளப்பின் மேல் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவரும். முதலில் வைக்கோல் மஞ்சள், பின்னர் கபிலம், பின்னர் ஊதா, கடைசியில் நீலம். மஞ்சள் ஏறத்தாழ 220 பாகை செல்சியசில் தொடங்கும்; நீலம் 300 பாகை அளவில் வரும். சவரக்கத்திக்கு மஞ்சள் போதும். அடிவாங்கும் கோடாலிக்கு அது போதாது. ஊதா நீலத்துக்கு மாறப்போகும் வேளையில் அவர் தலையை மீண்டும் தண்ணீரில் அமிழ்த்தினார்.

இந்த வேலையை மட்டும் கொல்லரிடம் விடுவதே நல்லது. மற்றவை எல்லாவற்றையும் வீட்டில் செய்யலாம்.

பிடிக்கு எந்த மரம்

"காட்டுக்குப் போய் ஒரு பாலைக் கொப்பு வெட்டி வாறன்" என்று மகன் புறப்பட்டான். மூன்று காரணங்களுக்காக வேண்டாம் என்று சொன்னோம்.

ஒன்று, காட்டோரங்களில் கண்ணிவெடி அகற்றி முடிந்திருக்கவில்லை. இலங்கை ஆட்களுக்கெதிரான கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் உடன்படிக்கையில் 2017 டிசம்பரில் இணைந்தது. வடக்கில் பெரும்பகுதி நிலம் துப்புரவாக்கப்பட்டுவிட்டாலும், எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் ஒரு பிடிக்காகக் கால் வைப்பது அறிவீனம். இரண்டு, 1907ஆம் ஆண்டின் காடுகள் கட்டளைச் சட்டத்தின்படி அரச காட்டில் அனுமதியின்றி மரம் வெட்டுவது குற்றம். கோடாலியைத் திருத்தப்போய் வழக்குக்கு அலைய நேரும். மூன்று, பாலை மிக வைரமான மரம்தான். ஆனால் பாரமும் கூட. அந்தப் பிடியால் வெட்டினால் ஒவ்வொரு அடியும் கையில் அதிரும். பாலைப்பழத்துக்காகவேனும் அந்த மரத்தை விட்டுவைக்கலாம்.

பிடிக்கு வேண்டியது கடினம் மட்டுமல்ல. அடியைத் தாங்கி வளைந்து நிமிரும் தன்மை. காட்டு மரங்களில் சாவண்டலையும் விண்ணாங்கும் அந்தத் தன்மைக்குப் பெயர் பெற்றவை. சாவண்டலையைச் சிங்களத்தில் ஹல்மில்ல என்பார்கள். ஆங்கிலேயர் அதைத் 'திருகோணமலை மரம்' என்று ஏற்றுமதி செய்தார்கள். அனுமதியோடு வெட்டிய மரத்தின் கழிவுத் துண்டு மரக்காலையில் கிடைத்தால் வாங்கி வையுங்கள்.

அது கிடைக்காவிட்டால் உங்கள் வேலியைப் பாருங்கள். பூவரசு நல்ல மரம். வண்டிச் சில்லுக்கும் வள்ளத்துக்கும் நம் முன்னோர் அதைப் பாவித்தது அதன் இழை இலகுவில் பிளவுபடாததால்தான். புளி இன்னும் பலமானது. ஆனால் நேரான துண்டு கிடைப்பது அரிது. கிளிசரிடியாவைப் பலரும் பசளைக்கும் ஆட்டுத்தீனுக்கும் வேலிக்கும் மட்டுமே உரியது என்று நினைக்கிறார்கள். 2005ஆம் ஆண்டில் அதை நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தபோதும் விறகையும் பசளையையும் பற்றியே பேச்சு இருந்தது. ஆனால் முற்றிய கிளிசரிடியாவின் வைரம் கருவிப் பிடிகளுக்கு மிக நல்லது. ஐந்தாறு அங்குலம் விட்டமுள்ள பழைய தண்டாக இருக்கவேண்டும்; ஆண்டுதோறும் வெட்டும் இளந்தடி உதவாது.

தேக்கு வேண்டாம். கதவுக்கும் கட்டிலுக்கும் அது அரசன்; அடிவாங்கும் பிடிக்கு அது வெடிக்கும். தென்னையும் பனையும் சிராய் கிளம்பிக் கையைக் கிழிக்கும். வேம்பு மண்வெட்டிக்குப் போதும், கோடாலிக்குப் போதாது. சொந்த வளவில் நின்றாலும் பலா, பனை போன்ற சில மரங்களை வெட்ட அனுமதி தேவை என்பதையும் மறக்கவேண்டாம். சந்தேகமென்றால் கிராம அலுவலரைக் கேளுங்கள்.

உடனடியாகத் தேவையென்றால் இன்னொரு வழியும் உண்டு. உடைந்த உலக்கை, வண்டியின் பழைய ஏர்க்கால், கலப்பைத் துண்டு இவையெல்லாம் நன்றாகக் காய்ந்த நல்ல மரங்கள். உளுக்காமலும் வெடிக்காமலும் இருந்தால் அவற்றிலிருந்தே பிடி எடுக்கலாம்.

பிளந்து காயவிடுங்கள்

அந்த வளவின் பின்வேலியில் ஒரு முதிர்ந்த பூவரசு நின்றது. ஆறங்குலம் பருமனான ஒரு நேர்க்கிளையை நாலடி நீளத்துக்கு வெட்டினோம். பிடியின் நீளத்திலும் ஓரடி கூடுதலாக வெட்டுவது, காயும்போது நுனிகள் வெடித்தால் அறுத்தெறிவதற்கு.

பிடிக்கான மரத்தை வாளால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளக்கவேண்டும். வாள் நேராகப் போகும். இழை எப்படி ஓடுகிறது என்று அது பார்க்காது. பிளக்கும்போது மரம் தன் இழையின் வழியே பிரியும். மேலிருந்து கீழ்வரை அறுபடாத இழை உள்ள துண்டு உடையாது. இழை குறுக்கே ஓடி வெளியேறும் துண்டு, எவ்வளவு நல்ல மரமானாலும், அந்த இடத்தில் ஒருநாள் முறியும். கணு உள்ள துண்டையும், மரத்தின் நடுச்சோறு உள்ள துண்டையும் கழித்துவிடுங்கள். வெளிப்புற வெளிறும் வேண்டாம்; அதைத்தான் வண்டு முதலில் துளைத்து உளுக்கவைக்கும்.

பிளந்த துண்டுகளின் இரு நுனிகளுக்கும் சாணம் பூசி, நிழலில் வையுங்கள். நுனி வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும். சாணம் அதைத் தடுக்கும். இரண்டு கிழமை கழித்து அடுப்புக்கு மேலுள்ள பரணில் போடுங்கள். அடுப்புச் சூடு மரத்தைக் காயவைக்க, புகை உளுவராமல் காக்கும். இரண்டு மூன்று மாதம் பொறுக்கவேண்டும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். பச்சை மரம் மந்தமாகச் சத்தமிடும். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும்.

மகனுக்குப் பொறுமை இல்லை. பச்சைப் பிடி போட்டால் என்ன என்று கேட்டான். போடலாம், ஆனால் பச்சை மரம் காயும்போது சுருங்கும், தலை தளரும். அவசரத்துக்குப் போட்டால் சிறு விறகு மட்டும் வெட்டி, மணிக்கொரு தடவை தலையை ஆட்டிப் பார்க்கவேண்டும்.

செதுக்கும் முறை

நீளத்துக்கு ஓர் இலகுவான அளவு இருக்கிறது. தலையை உள்ளங்கையில் பிடித்துக் கையை நீட்டினால், பிடியின் மறுமுனை உங்கள் அக்குளில் முட்டவேண்டும். மரம் தறிக்கும் 3 இறாத்தல் கோடாலிக்கு 28 அங்குலம் முதல் 32 அங்குலம்வரை சரியாக வரும். ஒற்றைக் கையால் பாவிக்கும் சிறு கோடாலிக்கு 14 முதல் 18 அங்குலம் போதும். பெண்கள் பாவிப்பதாயின் அவர்கள் கையால் அளவுங்கள். வீட்டில் விறகு கொத்துவது யார் என்று எண்ணிப் பார்த்தால், இந்த அளவு ஏன் முக்கியம் என்பது விளங்கும்.

காட்டுக்கத்தியால் பருமட்டாகச் செதுக்கி, பிறகு சீவுளியாலோ கூரிய கத்தியாலோ இழையின் போக்கிலேயே சீவுங்கள். பிடியை உருளையாக்கவேண்டாம், முட்டை வடிவமாக்குங்கள். முட்டையின் நீள்பக்கம் வாயின் திசையில் இருந்தால், இருட்டில் பிடித்தாலும் வாய் எங்கே பார்க்கிறது என்று கைக்குத் தெரியும். அடிமுனையில் சிறு குமிழ் விடுங்கள்; வியர்வைக் கையிலிருந்து வழுவாமல் அது தடுக்கும். கடைசியில் உடைந்த போத்தல் துண்டின் ஓரத்தால் சுரண்டினால் பிடி வழுவழுப்பாகும். துணியைச் சுற்றிக் கண்ணாடியைப் பிடியுங்கள். வண்ணம் பூசவேண்டாம்; அது கையைக் கொப்புளிக்கச் செய்யும். இலுப்பையெண்ணெய் அல்லது வேப்பெண்ணெயை மெல்லியதாகப் பூசி, ஊறியதும் மீண்டும் பூசுங்கள்.

தலையைப் பொருத்துதல்

கோடாலிக் கண்ணில் இருவகை உண்டு. முதலாவது, ஊர்க் கொல்லர் அடிப்பது. அதன் கண் மேற்பக்கம் அகன்று கீழ்ப்பக்கம் ஒடுங்கியிருக்கும். பிடியின் மெல்லிய முனையை மேலிருந்து நுழைத்து இழுக்க, தடித்த முனை வந்து இறுகும். மண்வெட்டிக்கும் பிக்கானுக்கும் இதே முறைதான். வீச வீச இது இறுகுமே தவிரக் கழராது. இரண்டாவது, கடையில் வரும் வெளிநாட்டு அமைப்புக் கோடாலி. அதில் பிடி கீழிருந்து மேலே நுழையும். மேலே ஆப்பு அடிக்கவேண்டும். எந்த வகை என்று பார்த்த பிறகே மரத்தைச் செதுக்குங்கள்.

எந்த வகையானாலும் கண்ணின் உட்புறத்தில் கரி பூசிப் பிடியை நுழைத்து எடுங்கள். பிடியில் கரி பட்ட இடங்கள்தான் இடிக்கும் இடங்கள். அவற்றை மட்டும் சீவி, மீண்டும் நுழையுங்கள். பத்துத் தடவை செய்யவேண்டி வரலாம், அலுக்கவேண்டாம். சுற்றிவர எங்கும் ஒரேயளவாகத் தொடும் பிடியே நிலைக்கும்.

ஆப்பு வகைக்கு, பிடியின் மேல்முனையில் வாயிலிருந்து முதுகு நோக்கிய திசையில், கண்ணின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு வாளால் ஒரு பிளவு போடுங்கள். பிடியைத் தலைக்குள் ஏற்ற, தலையைத் தரையில் வைத்து அடிக்கவேண்டாம். தலை கீழே தொங்கும்படி கோடாலியை ஒரு கையால் அந்தரத்தில் தூக்கிப் பிடித்து, பிடியின் அடிமுனையை மரச்சுத்தியலால் அடியுங்கள். பாரமான தலை அசையாமல் நிற்க, பிடி அதற்குள் ஏறிவிடும். பிறகு நன்றாகக் காய்ந்த வைர மரத்தில் செய்த ஆப்பைப் பிளவுக்குள் அடித்து இறுக்கி, கால் அங்குலம் மேலே நிற்க அறுத்துவிடுங்கள். ஆணி அடிக்கவேண்டாம்; அது பிடியைப் பிளக்கும்.

கடைசியாக, நாமெல்லோரும் செய்யும் ஒரு தவறு. தலை ஆடினால் கோடாலியைத் தண்ணீருக்குள் போட்டுவைப்போம். என் சிறு வயதில் என் தகப்பனாரும் அப்படித்தான் செய்வார். இரவில் கிணற்றடித் தொட்டிக்குள் போட்டு, காலையில் எடுத்து வெட்டத் தொடங்குவார், தலை இறுகியிருக்கும். ஒருநாள் மத்தியானம், நான் பக்கத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தபோது, தலை கழன்று பறந்தது. என் தங்கை குந்தியிருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி மண்ணில் குத்தி நின்றது. தகப்பனார் வெறும் பிடியோடு நின்றதை நான் இன்றும் மறக்கவில்லை. ஏன் அப்படி நடந்தது என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். தண்ணீரில் ஊறிய மரம் விரிய முயலும். இரும்பு இடம் கொடாது. மரத்தின் இழைகள் நசுங்கும். வெயிலில் காய்ந்ததும் மரம் முன்னிருந்ததைவிடச் சிறுத்துவிடும். ஒவ்வொரு ஊறலும் தலையை இன்னும் தளர்த்தும். தலை ஆடினால் ஆப்பை இறுக்குங்கள், அல்லது புதிய ஆப்பு வையுங்கள். அதுவும் போதாவிட்டால் பிடியை மாற்றுங்கள்.

கூரும் காவலும்

பிடி போட்ட பிறகே கூர் தீட்டுங்கள். பொருத்தும்போது கை வெட்டுப்படாது. அரத்தால் இரு பக்கமும் ஒரேயளவாக அராவி, பிறகு தண்ணீர் தொட்டுச் சாணைக்கல்லால் தீட்டவேண்டும். வாய் தட்டையாக அல்லாமல், இரு பக்கமும் மெல்லியதாக உப்பியிருக்கவேண்டும். தட்டையாகத் தீட்டிய வாய் மரத்தில் இறுகிச் சிக்கும். மின்சாணையில் தீட்டுவதாயின், தொட்டுத் தொட்டு எடுத்துத் தண்ணீரில் நனையுங்கள். ஓரத்தில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தின் தோய்ச்சல் போய்விட்டது. கூரை வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைக் கோடு மின்னினால் அந்த இடம் இன்னும் மழுங்கல்.

வேலை முடிந்ததும் மரத்தில் குத்திவைத்துவிட்டு வரவேண்டாம். துடைத்து, எண்ணெய் தடவி, பிள்ளைகளுக்கு எட்டாமல், கறையான் ஏறாமல் கூரைவளையில் கட்டி வையுங்கள். வாய்க்குப் பழைய சைக்கிள் ரயர்த் துண்டால் ஓர் உறை செய்தால் சந்தைக்குக் கொண்டுபோகும்போதும் ஆபத்தில்லை.

அந்தக் குடும்பத்தின் கோடாலி சித்திரை கழிந்து வேலைக்கு வந்தது. முதலில் கிணற்றடி, பின்னர் வளவு, பின்னர் வயலோரம் என்று புரட்டாசிக்குள் பற்றை அகன்றது. அந்த ஆண்டின் காலபோகத்தில் ஒரு ஏக்கர் விதைத்தார்கள். தறித்த விறகில் மிஞ்சியதை விற்று மண்வெட்டி ஒன்று வாங்கினார்கள்.

சில காலத்துக்கு முன் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. கல்வீடு எழும்பியிருந்தது. மகனுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். கோடாலி கூரைவளையில் இருந்தது. பூவரசம் பிடி ஒருமுறை மாறி, இப்போது கிளிசரிடியாப் பிடி. தேநீர் கொண்டுவந்த தாய் குசினிப் பரணைக் காட்டினார். நுனியில் சாணம் பூசிய நாலு துண்டுகள் அங்கே காய்ந்துகொண்டிருந்தன.

"இரண்டு எங்களுக்கு. மற்ற இரண்டும் பின்வளவில புதுசா வந்து குடியேறின ஆக்களுக்கு. அவையிட்டயும் ஒரு தலை கிடக்குது" என்றார்.